கோப்பும் மனசாட்சியும்: எல்லையோர வாசகர் கேள்விகள்

பாலக்காடு பக்கம் மத்திய அரசு நிறுவனத்தில் வேலை. பில்லில் மோசடி நடக்கிறது. மொட்டைக் கடுதாசி போடலாமா? (கொழிஞ்சாம்பாறை)

போட்டால் குப்பைக்குத்தான் போகும். நெடுஞ்சாலைப் பொறியாளர் சத்யேந்திர துபே சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றி, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுத்தான் பிரதமருக்கு எழுதினார். கடிதம் பெயரோடு பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பரில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறிக் கொலை என்றுதான் பின்னால் தீர்ப்பு வந்தது. ஆனாலும் அப்போது எழுந்த கொந்தளிப்பில் 2004இல் பிறந்ததுதான் பி.ஐ.டி.பி.ஐ. (PIDPI) ஏற்பாடு, அதாவது ஊழலைச் சொல்பவரின் பெயரை ரகசியமாக வைத்துப் புகாரை வாங்கும் முறை. டெல்லியில் உள்ள மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் செயலாளருக்கு எழுதுங்கள். கவரை ஒட்டி, மேலே PIDPI என்று எழுதுங்கள். உங்கள் பெயரும் முகவரியும் கவரின் மேல் கூடாது, உள்ளே கட்டாயம் இருக்க வேண்டும். கிடைத்தது என்று பதில் வராது, பதறாதீர்கள்.

நான் மாநில அரசு ஊழியன். எனக்கும் இதே வழிதானா? (குமுளி)

இல்லை, அது மத்திய அரசு சார்ந்தவற்றுக்கு மட்டும். நீங்கள் கேரள அரசின் ஊழல் தடுப்புப் பிரிவான விஜிலன்ஸுக்குத்தான் போக வேண்டும். அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014லேயே நிறைவேறியது, இன்னும் அமலுக்கு வரவில்லை. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன!

ரகசியக் கோப்பைப் படமெடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தால், மனசாட்சிப்படி செய்தேன் என்று நீதிமன்றத்தில் சொல்லலாமா? (சித்தூர்)

சொல்லலாம். ஆனால் 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டத்தில் அதற்கென்று இடம் இல்லை. கொடுத்தவர் மட்டுமல்ல, தெரிந்தே வாங்கியவரும் மாட்டுவார். வியட்நாம் போர் பற்றிய அமெரிக்க அரசின் ரகசிய ஆவணங்களை 1971இல் வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க் மனசாட்சியைச் சொல்லித் தப்பியதாக நம்மவர்கள் பேசுகிறார்கள். அப்படியல்ல. அவரது மனநல மருத்துவரின் அலுவலகத்தில் அரசுத் தரப்பு ஆட்களே பூட்டை உடைத்துப் புகுந்தது தெரியவந்தது, ஒட்டுக்கேட்டதும் வெளியானது. அதனால்தான் 1973இல் வழக்கு தள்ளுபடியானது.

சரி, வேறு வழி? தகவல் உரிமைச் சட்டம், பிரிவு 8(2). வெளியிடுவதால் வரும் பொதுநலன் கெடுதலைவிடப் பெரிது என்றால், ரகசியச் சட்டம் இருந்தாலும் அதிகாரி தரலாம். கசிந்த தாளை நீதிமன்றம் பார்க்கவே கூடாது என்ற வாதமும் 2019இல் ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில் எடுபடவில்லை. ஆனால் அது தாளைப் பற்றிய முடிவு. கசியவிட்டவருக்குக் கிடைத்த பாதுகாப்பு அல்ல. முதலில் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், மேல்முறையீட்டுக்கு ஆகும்.

மலையாளம் எழுத வராது. தமிழில் புகார் கொடுக்கலாமா? (மூணாறு)

தாராளமாக. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழர்கள் மாநில அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் கேட்கலாம். கவுண்டரில் முகம் சுளித்தால் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.