வாடிய சோளத்தை மாட்டுக்குப் போடலாமா?

ஐயா, நீங்கள் சிங்கப்பூரில் வேலையில் இருக்க, சிவகங்கையில் மழையின்றி முழங்கால் உயரத்திலேயே வாடி நிற்கும் சோளப்பயிரை உங்கள் அம்மா மாடுகளுக்கு அறுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பச்சையாகப் போடவே வேண்டாம். இன்றிரவே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வறட்சியில் வளர்ச்சி குன்றிய இளஞ்சோளத்தில், மாடு மெல்லும்போது ஹைட்ரஜன் சயனைடு நஞ்சை வெளியிடும் டூரின் என்னும் சேர்மம் மிகுந்திருக்கும் என்பதால், பசியோடு மேயும் மாடு சிறிது நேரத்திலேயே மூச்சுத் திணறி விழக்கூடும். சித்திரையில் கோடை மழை பெய்ததும் அறுத்த அடித்தாளிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பும் அதே அளவு ஆபத்தானது. பசுமையைக் கண்டு பலர் ஏமாறுவது அங்கேதான். பூத்த பிறகு அறுத்து, வெயிலில் நன்றாக உலர்த்திக் கொடுத்தால் நஞ்சு பெருமளவு குறையும். அதுவரை வைக்கோல் வாங்க நீங்கள் கூடுதலாகச் சில சிங்கப்பூர் வெள்ளி அனுப்புவது, ஒரு கறவை மாட்டை இழப்பதைவிட மலிவு. மாடு தள்ளாடினால் கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்கட்டும். சோடியம் தயோசல்பேட் மருந்தை உடனே ஊசிவழி செலுத்தினால் பிழைக்க வாய்ப்புண்டு.