அணு ரகசியம் விற்ற கான்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

சேலம் வாசகர்: பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி அப்துல் காதிர் கான் வெளிநாடுகளுக்கு அணுகுண்டு விற்றார் என்கிறார்களே, உண்மையா?

குண்டை விற்கவில்லை. யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தின் வரைபடம், உதிரிபாகம், ஆலோசனை, இவைதான் வியாபாரம். ஈரான், வட கொரியா, லிபியா வாங்கின. லிபியாவுக்குக் குண்டின் வடிவமைப்புத் தாள்களும் போயின. மூலம் சீனாவுடையது. 2004 தொடக்கத்தில் லிபியா அவற்றை ஒப்படைத்தபோது இஸ்லாமாபாத் தையல்கடை ஒன்றின் பையில் வைத்திருந்தார்களாம்!

பொறியியல் மாணவி, கோவை: 20 சதவீதச் செறிவுக்கே ஏன் இத்தனை பதற்றம்? குண்டுக்கு 90 வேண்டுமே?

நல்ல கேள்வி. இயற்கை யுரேனியத்தில் நமக்கு வேண்டிய, பிளந்து சக்தி தரும் யு-235 என்ற வகை வெறும் 0.7 சதவீதம்தான்; மிச்சம் கிட்டத்தட்ட எல்லாம் யு-238. யு-235-இன் பங்கைக் கூட்டுவதுதான் செறிவூட்டல். மின் உலைக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம் போதும். யுரேனியத்தை வாயுவாக்கி, அதிவேகமாகச் சுழலும் உருளைக்குள் (இதுதான் சென்ட்ரிஃபியூஜ்) விட்டால் கனமான யு-238 ஓரத்துக்கு ஒதுங்கும். ஒவ்வொரு உருளையிலும் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம் என்பதால் ஆயிரக்கணக்கில் வரிசையாக இணைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால், அடிமட்டத்திலிருந்து 20-ஐ எட்டுவதற்குள்ளேயே 90-க்கான உழைப்பில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. மிச்சம் கொஞ்ச தூரம்தான். ஈரான் 2021-இல் 60 சதவீதத்தைத் தொட்டபோது எழுந்த சலசலப்பு இதனால்தான்.

கிள்ளான் வாசகர்: எங்கள் மலேசியாவின் ஷா ஆலமிலும் சென்ட்ரிஃபியூஜ் பாகங்கள் செய்தார்களாமே?

ஆமாம். அங்கிருந்த ஓர் ஆலை துல்லியமான அலுமினியப் பாகங்களைச் செய்து துபாய்க்கு அனுப்பியது. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கு என்றே நினைத்ததாக ஆலை சொன்னது. இடையில் நின்றவர் இலங்கையைச் சேர்ந்த துபாய் வியாபாரி. அந்தப் பாகங்கள் அடங்கிய பெட்டிகள் துபாயில் லிபியாவுக்குப் போகும் 'பிபிசி சைனா' என்ற ஜெர்மன் கப்பலில் ஏறின. (வானொலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 2003 அக்டோபரில் கப்பலை இத்தாலியின் டாரன்டோ துறைமுகத்துக்குத் திருப்பிப் பெட்டிகளை இறக்கினார்கள். டிசம்பரில் லிபியத் தலைவர் கடாஃபி அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். கப்பல் பிடிபட்டதால்தான் பணிந்தார் என்று எழுதுவது மிகை. பிரிட்டன், அமெரிக்காவுடன் அவர் ஆட்களின் ரகசியப் பேச்சு அந்த மார்ச்சிலேயே தொடங்கியிருந்தது.

நெல்லை வாசகர்: கானுக்கு என்ன தண்டனை?

பெரிதாக ஒன்றுமில்லை. 2004 பிப்ரவரி 4 அன்று தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார், மறுநாளே அப்போதைய பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் மன்னித்துவிட்டார். 2009 வரை வீட்டுக்காவல். வெளிநாட்டு விசாரணையாளர்கள் அவரை நேரில் விசாரிக்க பாகிஸ்தான் கடைசிவரை விடவில்லை. 2021-இல் இறந்தபோது அரசு மரியாதை!

சென்னை வாசகர்: அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் இருந்தும் இது எப்படி நடந்தது?

முதலில், பாகிஸ்தான் அதில் கையெழுத்திடவே இல்லை. இந்தியாவும் இஸ்ரேலும்கூட இல்லை. அப்புறம், அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்துவது அரசுகளை. ஒரு நாட்டில் ஆலை, இன்னொரு நாட்டில் தரகர், மூன்றாவதில் வங்கிக் கணக்கு என்று வேலை நடந்தால் யாரைப் பிடிப்பது? அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2004 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு சபை 1540-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அணு, ரசாயன, உயிரி ஆயுதங்கள் தனியார் கைக்குப் போகாமல் ஒவ்வொரு நாடும் சட்டம் போட வேண்டும், ஏற்றுமதியைக் கண்காணிக்க வேண்டும். சட்டம் போடுவது எளிது. ஒரு அலுமினியக் குழாய் எண்ணெய்க் கிணற்றுக்கா, சென்ட்ரிஃபியூஜுக்கா என்று பார்த்தவுடன் சொல்லக்கூடிய சுங்க அதிகாரிகள் எத்தனை துறைமுகங்களில் இருக்கிறார்கள்? என் கவலை அங்கேதான்.