ராட்டர்டாமில் இறங்கும் சரக்கு: வரி ஒன்று, சட்டம் எத்தனை?

கேள்வி: திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறேன். இதுவரை சரக்கை வாங்கி ஏற்றுமதி செய்யும் இடைவியாபாரி, அதாவது மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர் வழியாகத்தான் எங்கள் சரக்கு வெளிநாடு போனது. இப்போது ஒரு டச்சு பையர் நேரடியாகப் பருத்தி டி-சர்ட் ஆர்டர் தருகிறார். ராட்டர்டாமில் கன்டெய்னரை இறக்கி, ஜெர்மனி, பிரான்ஸ், அயர்லாந்து, இங்கிலாந்து கடைகளுக்குப் பிரித்து அனுப்புவாராம். டி.டி.பி., அதாவது வரி உட்பட எல்லாச் செலவும் நாங்களே ஏற்று அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் விலை கேட்கிறார். ஒவ்வொரு எல்லையிலும் சுங்கவரி உண்டா? எந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்து லேபிள் அடிப்பது? தகராறு வந்தால் எங்கே போவது?

பதில்: நீங்கள் சொன்ன நாடுகளில் நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், அயர்லாந்து நான்கும் ஐரோப்பிய ஒன்றியம் என்ற ஒரே கூட்டுக் குடும்பம். இங்கிலாந்து தனிக்குடித்தனம் போய்விட்டது. பையரின் கணக்கில் ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் இங்கிலாந்துப் பங்கில்தான் இருக்கும்.

முதலில் வரி. மேற்கு ஐரோப்பாவின் ஆறு நாடுகள் 1957-இல் ரோமில் ஒப்பந்தம் போட்டு, 1968 ஜூலை 1 முதல் தங்களுக்குள் சுங்கவரியை ஒழித்தன. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்றும் வைத்தன. இன்று அந்தக் குடும்பத்தில் 27 நாடுகள். பருத்தி டி-சர்ட்டுக்கு வழக்கமான வரி 12 சதவீதம். ராட்டர்டாமில் இறக்கினாலும் ஹாம்பர்க்கில் இறக்கினாலும் அதேதான். ஒரு முறை கட்டி வெளியே எடுத்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது உள்ளூர்ச் சரக்கு மாதிரி. டப்ளின் வரை வேறு சுங்கவரி இல்லை. சலுகை விகிதம் ஏதாவது கிடைக்குமா என்பதை ஆர்டர் தேதியில் உங்கள் சுங்க ஏஜென்ட்டிடம் (சி.எச்.ஏ.) கேளுங்கள், அது அடிக்கடி மாறுகிற விஷயம்.

நெதர்லாந்து வசூலித்த வரி நெதர்லாந்துக்கே போனால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இருக்க மாட்டார்கள். அதனால் வசூல் செலவுக்கென்று 25 சதவீதத்தை மட்டும் அந்த நாடு வைத்துக்கொள்கிறது. மீதி 75 சதவீதம் ஒன்றியத்தின் பொதுக் கஜானாவுக்கு.

இங்கே பலரும் குழம்புகிற இடம் ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் பல நாடுகளுக்குள் போய்வரும் ஏற்பாடு. விசா வேலி வேறு, சுங்க வேலி வேறு. அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. ஆனால் உங்கள் டி-சர்ட் அங்கே தடையில்லாமல் போகும். சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது. ஆனால் சுங்க வாசலில் நிற்க வேண்டும்.

அடுத்து வாட், நம் ஜி.எஸ்.டி. மாதிரியான விற்பனை வரி. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் வாளையாறு செக்போஸ்ட்டில் லாரிகள் நின்ற வரிசை உங்களுக்கு நினைவிருக்கும். ஐரோப்பாவில் உள் எல்லைகளில் இருந்த சுங்கச் சோதனை 1993 ஜனவரி 1 முதல் போய்விட்டது. ஆனால் வாட் விகிதத்தை அவர்கள் ஒன்றாக்கவில்லை. ஜெர்மனியில் 19, பிரான்ஸில் 20, நெதர்லாந்தில் 21, அயர்லாந்தில் 23 சதவீதம். இதெல்லாம் பையரின் தலைவலியாகவே இருக்கட்டும். டி.டி.பி.க்கு ஒப்புக்கொண்டால் அது உங்கள் தலைக்கு வரும். அங்கே இறக்குமதியாளர் நீங்கள்தான் என்றாகும். உங்களுக்கு அங்கே அலுவலகம் இல்லாததால், உங்கள் சார்பில் சுங்கப் பத்திரம் போட ஒரு பிரதிநிதியைப் பிடிக்க வேண்டும். வரியில் தவறு வந்தால் அவரும் மாட்டுவார் என்பதால் பேங்க் கியாரண்டி கேட்பார். முதல் ஆர்டருக்கு இது வேண்டாத வேலை. எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, அதாவது அங்கே கப்பலில் ஏற்றுவது வரைதான் உங்கள் பொறுப்பு என்று விலை கொடுங்கள்.

இனி சட்டம். ஒரு விதி எதிர்ப்பட்டால் அதைப் போட்டது ஒன்றியமா, தனி நாடா என்று முதலில் கேளுங்கள். சாய விஷயம் ஒன்றியத்துடையது. அசோ என்ற சாய வகையில் சில, அரோமேட்டிக் அமீன் என்ற தடை செய்யப்பட்ட ரசாயனங்களை வெளிவிடும்; அந்த அமீனுக்கு வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம். 27 நாட்டுக்கும் இதுவே. சாயப்பட்டறையிடம் வாய்ச்சொல் வாங்காமல் லேப் ரிப்போர்ட் வாங்குங்கள். நூல் வகையின் சதவீதத்தை லேபிளில் போட வேண்டும் என்பதும் ஒன்றிய விதி. ஆனால் எந்த மொழியில் என்றால், விற்கும் நாட்டின் மொழியில். ஆகவே பல மொழி லேபிள் ஒன்றே அடித்துவிடுங்கள். 2024 டிசம்பர் 13 முதல், பொருளுக்குப் பொறுப்பேற்கும் ஐரோப்பிய முகவரி ஒன்றும் வேண்டும். அது பையருடையது, எழுத்தில் வாங்குங்கள். தனி நாட்டு விதிக்கு உதாரணம் பிரான்ஸ் கேட்கும் 'ட்ரைமான்' குறி. துணியைக் குப்பையில் போடாமல் தனியே பிரித்துக் கொடுங்கள் என்று வாங்குபவருக்குச் சொல்கிற அடையாளம் அது.

தனி நாடுகள் இஷ்டத்துக்கு விதி போட்டு அடுத்த வீட்டுச் சரக்கைத் தடுத்துவிட முடியாது. பிரான்ஸில் காசிஸ் என்று பிளாக்கரண்ட் பழத்தில் செய்யும் மது உண்டு. ஆல்கஹால் 15 முதல் 20 சதவீதம். பழ மதுவில் குறைந்தது 25 சதவீதம் இருந்தால்தான் விற்கலாம் என்றது ஜெர்மன் சட்டம். போதை கம்மி என்று தடை செய்த விநோதத்தை ஓர் இறக்குமதி நிறுவனம் வழக்காக்கியது. 1979-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தடையைச் செல்லாது என்றது. ஒரு நாட்டில் சட்டப்படி விற்கும் பொருளை, தக்க காரணம் இல்லாமல் இன்னொரு நாடு மறுக்கக் கூடாது என்ற கொள்கை அதிலிருந்து வந்தது. வழக்குப் போட்டது அரசு அல்ல, ஒரு வியாபாரி என்பதைக் கவனியுங்கள். நம் பக்கத்து தெற்காசிய நாடுகளின் சாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தில் ஒரு வியாபாரிக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. அமைச்சகத்துக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது இங்கிலாந்து. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அது சுங்க வேலிக்கு வெளியே. ஐரோப்பாவுக்கும் அதற்கும் வரியில்லா ஒப்பந்தம் இருக்கிறதே என்று பையர் சொல்லக்கூடும். இருக்கிறது, அங்கே உற்பத்தியான சரக்குக்கு மட்டும். திருப்பூரில் வெட்டித் தைத்த டி-சர்ட் டச்சு குடோனில் ஆறு மாதம் கிடந்தாலும் டச்சு டி-சர்ட் ஆகாது. ராட்டர்டாமில் வரி கட்டி எடுத்து, பிறகு இங்கிலாந்துக்கு அனுப்பினால் அங்கேயும் வரி கேட்பார்கள். 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான இந்தியா–இங்கிலாந்து ஒப்பந்தச் சலுகை கேட்பதற்கும், இடையில் இன்னொரு நாட்டில் விடுவித்த சரக்கு சிக்கல்தான். அந்தப் பங்கைத் தனி இன்வாய்ஸ், தனி பேக்கிங் லிஸ்ட்டோடு நேராக இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்துக்கு ஏற்றுங்கள். முடியாவிட்டால் ராட்டர்டாமில் வரி கட்டாமல், சுங்கக் கண்காணிப்பில் இருக்கும் பாண்டட் குடோனில் வைத்து, அங்கிருந்து இங்கிலாந்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பெல்ஃபாஸ்ட்டில் கடை இருந்தால் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். அந்த ஊர் இருக்கும் வட அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்ததுதான், ஆனாலும் அங்கே சரக்குக்கு இன்னும் ஐரோப்பிய விதிகள்தான்.

கடைசியாகத் தகராறு. இத்தனை ஒன்றாகியும் ஒப்பந்தச் சட்டம் ஒன்றாகவில்லை. 'டச்சு சட்டம்' என்று எழுதினால், வேறுவிதமாகச் சொல்லாதவரை 1980-ஆம் ஆண்டின் ஐ.நா. விற்பனை ஒப்பந்தமும் கூடவே வரும். இந்தியா அதில் சேராவிட்டாலும், நெதர்லாந்து சேர்ந்திருக்கிறது. திருப்பூர் கோர்ட்டில் வாங்கிய டிக்ரியை நேரே கொண்டுபோய் அங்கே நிறைவேற்றவும் முடியாது. ஆகவே கோர்ட்டுக்குப் பதில், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் நடுவர் மன்றம் என்று எழுதுங்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை ஏற்பதற்கான 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருப்பதால் அந்தத் தீர்ப்பு அங்கே எடுபடும். எந்த ஊரில், எந்த மொழியில், எத்தனை நடுவர் என்பதையும் அதே வரியில் போட்டுவிடுங்கள். சின்ன ஆர்டருக்கு ஒரே நடுவர் போதும்.