ஸ்ரீபாதம் தாங்குபவள்

அன்புள்ள அக்காவுக்கு,

டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். சொந்த ஊர் திருச்சி. பன்னிரண்டு வயதாகும் என் மகள் நான்கு ஆண்டுகளாக ஒரு தனியார் ஜிம்மின் சியர்லீடிங் அணியில் இருக்கிறாள். போன சீசன் வரை அவள்தான் ஃப்ளையர். மற்றவர்கள் தூக்கிப் பிடிக்க உச்சியில் நிற்பவள். கோடையில் பெரியவளானாள், நான்கு அங்குலம் வளர்ந்தாள். உடனே கீழே இறக்கி பேஸ், அதாவது கீழே நின்று தூக்குகிறவள், ஆக்கிவிட்டார்கள். அவள் இடத்துக்கு வந்திருப்பவள் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண். மேலே ஏறினால் நிலைகொள்ளாமல் ஆடுகிறாள். அவள் தடுமாறும் வீடியோவை மெதுவாக ஓடும்படி செய்து அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மூன்று பேர் சேர்ந்து கோச்சிடம் போய்ப் பேசினோம். அவர் அசையவில்லை. மறுவாரமே, பெற்றோர் பயிற்சியைப் பார்க்க வரக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். ஆண்டுக்கு ஏழாயிரம் டாலர் கட்டுகிறவர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லையா? மகளோ, ‘எனக்கு பேஸ் பிடித்திருக்கிறது, விட்டுவிடு அம்மா’ என்கிறாள். வருத்தத்தை மறைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இரவில் சோற்றை நிறுத்தி சூப் கொடுத்துவருகிறேன். காத்திருக்கலாமா, அல்லது இப்போதே வேறு ஜிம்முக்கு மாற்றிவிடலாமா? பிப்ரவரியில் பெரிய போட்டி இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த சூப்பை நிறுத்துங்கள்.

நீங்கள் பாதி வரியில் கடந்துபோன விஷயம் அது. அதைப் படித்த பிறகு மற்றவை எனக்கு மனதில் ஏறவே இல்லை. பெரியவளான பெண்ணுக்கு நம் ஊரில் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, போதும் போதும் என்று கெஞ்சும்வரை ஊட்டுவார்கள். உங்கள் அம்மாவும் உங்களுக்குச் செய்திருப்பார். அதே வயதில் உங்கள் மகளின் தட்டிலிருந்து சோற்றை எடுத்திருக்கிறீர்கள். வளர்ந்த நான்கு அங்குலத்தை எந்த சூப்பும் திருப்பி வாங்காது. அவளோ இன்னொரு வீட்டுக் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டியவள். அரை வயிற்றோடு அவளை அங்கே அனுப்பினால், ஆபத்து அவளுக்கு மட்டுமில்லை.

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சியர்லீடர் என்றதும் நமக்கு ஐபிஎல் எல்லைக்கோட்டருகே ஆடும் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். இது வேறு. 1898இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தைப் பார்த்து நின்று கோஷம் எழுப்பவைத்ததிலிருந்து இதன் கதையைத் தொடங்குவார்கள். ஆம், ஆண்கள்தான் தொடங்கினார்கள். பெண்கள் வந்தது 1920களில். 1948இல் லாரன்ஸ் ஹெர்கிமர் டெக்ஸாஸில் பயிற்சி முகாம் நடத்தத் தொடங்கிய பிறகு அந்த மாநிலத்தில் இது ஏறக்குறைய ஒரு மதம். எஸ்.-இன் மகள் இருப்பது ஆல் ஸ்டார் வகை. அதில் உற்சாகப்படுத்த வேறு அணி எதுவும் கிடையாது. குட்டிக்கரணமும் தூக்குதலும் நடனமுமாக இரண்டரை நிமிடம் ஆட வேண்டும், அவ்வளவுதான் போட்டி. பிழையே இல்லாமல் முடித்தால் ‘ஜீரோ’ என்று துள்ளுகிறார்கள். கழிக்க எதுவும் இல்லை என்று பொருள். பூஜ்யம் வாங்கியதற்குக் குழந்தைகள் கட்டிப்பிடித்து அழும் காட்சி, ரேங்க் கார்டில் வளர்ந்த எனக்குப் பழக வெகுநாள் ஆயிற்று.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எட்டு ஆண்டுகளுக்கு முன் ஹூஸ்டனில் தங்கை வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். வாரத்தில் மூன்று மாலைகள் அவள் மகளின் ஜிம்மில், பெற்றோருக்கான கண்ணாடி அறையில் கழிந்தன. அந்த அறையை என்னால் மறக்க முடியாது. உள்ளே இருபது பெண்கள் ஆடுவார்கள். ஒவ்வொரு அம்மாவின் செல்பேசியும் அதில் ஒரே ஒருத்தியைப் பின்தொடரும். நான் இதைப் பார்த்து முதல் வாரம் சிரித்தேன். இரண்டாம் வாரம், அந்த விளையாட்டின் அரிச்சுவடி தெரியாத நானே தங்கையிடம், ‘நம் பிள்ளையை ஏன் பின்வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள்?’ என்று கேட்டேன். அவள் மறுநாளே கோச்சிடம் போய்க் கேட்டுவிட்டாள். அன்று காரில் வரும்போது பின்சீட்டிலிருந்து குரல் வந்தது: ‘பெரியம்மா, நீங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதட்டைப் பிதுக்குவது எங்கள் எல்லோருக்கும் தெரிகிறது.’ எங்கள் எல்லோருக்கும் என்றாள். எனக்கு என்று சொல்லவில்லை.

உங்கள் ஜிம் அந்தக் கதவைச் சாத்தியதில் எனக்கு வருத்தமே இல்லை.

திருச்சிக்காரர் என்பதால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் புறப்பாடு பார்த்திருப்பீர்கள். தோளுக்கினியானில் நம்பெருமாளைச் சுமந்து வருகிறவர்களைத் தூக்குகிறவர்கள் என்றா சொல்கிறோம்? ஸ்ரீபாதம் தாங்கிகள். ஒருவர் காலடி பிசகினாலும் மேலே அலுங்கும். பேஸின் வேலையும் எழுத்துக்கு எழுத்து அதுதான். இரண்டு பேர் ஃப்ளையரின் பாதங்களை உள்ளங்கையில் ஏந்துகிறார்கள். பின்னால் நிற்பவள், பேக்ஸ்பாட், கணுக்காலைப் பிடித்துக்கொள்கிறாள், அனேகமாக எண்ணிக்கை சொல்வதும் அவள்தான். ஃப்ளையர் உடம்பைக் கட்டையாக இறுக்கிக்கொண்டு கீழே பார்க்காமல் நிற்க வேண்டும். சரிந்தால், அவள் தரையைத் தொடும் முன் இவர்கள் பிடித்துவிட வேண்டும். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண்தான். உச்சியில் நிற்பவளுக்கென்று நடுவர்கள் தனியாக எதுவும் போடுவதில்லை. ‘கீழே இறக்கிவிட்டார்கள்’ என்பது உங்கள் வார்த்தை. உங்கள் மகள் அப்படிச் சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. பிடித்திருக்கிறது என்கிறாள். ஏன் நம்ப மறுக்கிறீர்கள்? இத்தனை காலம் உச்சியில் நின்று பயந்தவளுக்குத் தரையில் கால் பதித்து நிற்பது நிம்மதியாகக்கூட இருக்கலாம். கேட்டுப் பார்த்தீர்களா?

இப்போது அந்த வீடியோ. ஆடுகிறாள் என்று நீங்கள் சொல்லும் சின்னப் பெண் யார் கையில் நின்று ஆடுகிறாள்? உங்கள் மகளின் கையில். தன்னைப் பிடிப்பவளின் அம்மாதான் தன்னைக் கேலிப்பொருள் ஆக்கியவர் என்று அந்தக் குழந்தைக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். இனி அவள் எந்த நம்பிக்கையில் கீழே பார்க்காமல் நிற்பாள்?

சானல்வியூ என்ற ஊர் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1991இல் அங்கே வாண்டா ஹாலோவே என்ற தாய் கைதானார். பதின்மூன்று வயது மகளோடு பள்ளி சியர்லீடிங் அணிக்குப் போட்டியிட்ட பெண்ணின் தாயைக் கொல்ல ஆள் பிடித்தார் என்பது வழக்கு. தாய் போய்விட்டால் அந்தப் பெண் உடைந்துபோய்த் தேர்வுக்கு வரமாட்டாள் என்று ஒரு கணக்கு. முன்பணத்துக்கு வைரத் தோடு. அவர் நாடிய ஆள், முன்னாள் கணவரின் சகோதரர், நேரே போலீஸிடம் போய்விட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவில் இன்றும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அதில் மறக்காமல் நிற்பது அந்த வைரத் தோடு இல்லை. அதற்கு முன்பு நடந்த ஒரு தேர்வில், மகளுக்கு ஓட்டுக் கேட்டுப் பெயர் அச்சிட்ட ஸ்கேல்களைப் பள்ளியில் கொடுத்திருக்கிறார்கள். விதிமீறல் என்று மகளைத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். எஸ்., அந்தக் குற்றத்தோடு உங்களை நான் ஒப்பிடவில்லை. ஸ்கேலோடுதான் ஒப்பிடுகிறேன். எந்த அம்மாவும் அன்பாகச் செய்யக்கூடிய காரியம் அது. தண்டனை மட்டும் பிள்ளைக்குப் போயிற்று.

கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு நிச்சயம் இருக்கிறது. தவறான கேள்விக்கு அதைச் செலவழித்துவிட்டீர்கள். இந்த விளையாட்டில் தலையடியும் கழுத்தடியும் உண்டு. புதிய ஸ்டண்ட் பழகும்போது பக்கத்தில் பெரியவர் யார் நிற்கிறார்? தலையில் அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு, மறுபடி ஆடலாம் என்று யார் சொல்ல வேண்டும்? கோச் எந்த மட்டம் வரை கற்றுத்தரச் சான்று பெற்றவர்? இவற்றைக் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் ஏழாயிரம் டாலர் போனாலும் பரவாயில்லை என்று அழைத்து வந்துவிடுங்கள். யார் மேலே, யார் கீழே என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

அதற்காக மட்டும் ஜிம் மாற்றுவது என்றால், வேண்டாம். நால்வரில் ஒருத்தி போய்விட்டால் மிச்சமிருக்கும் மூவரால் அந்த ஸ்டண்டைத் தூக்க முடியாது. முழு ஆட்டத்தையும் மாற்றி அமைக்க வேண்டிவரும். சீசன் நடுவில் அது உங்கள் மகளின் பெயரில்தான் எழுதப்படும்.

வாட்ஸ்அப் குழுவில் வீடியோவை அழித்தால் மட்டும் போதாது. அந்தச் சின்னப் பெண்ணின் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து நேரடியாகப் பேசுங்கள். குறுஞ்செய்தி வேண்டாம். கசப்பான வேலைதான். என் தங்கை இப்படி ஒரு அழைப்பைச் செய்வதற்கு முன் வாசலைக் கூட்டினாள், துணி மடித்தாள், எனக்கு இரண்டு முறை காபி போட்டாள்.

பிப்ரவரிப் போட்டிக்குக் கட்டாயம் போங்கள். எங்கே உட்கார வேண்டும் என்று மட்டும் மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கை மகள் எங்களுக்குக் காட்டிய இடம் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது. பாதி மேடைதான் தெரிந்தது. பொல்லாத பெண், அளந்து பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
அக்கா