தேர்வுக் கண்காணிப்பாளர் வேலைக்கு 80 வெள்ளி கட்டலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. ஈசூனில் இருக்கிறேன். அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். ‘ஓ லெவல் தேர்வுக் கண்காணிப்பாளர் வேலை, பயிற்சிக் கட்டணம் 80 வெள்ளி’ என்று வாட்ஸ்அப்பில் தமிழிலேயே செய்தி வந்தது. கட்டலாமா? வேலை எப்படி இருக்கும்? என் தம்பி மகளும் இந்த ஆண்டு ஓ லெவல் எழுதுகிறாள்.

பதில்: கட்டாதீர்கள், அம்மா. பேநவ் எண்ணை அனுப்பிப் பணம் கேட்பவர் உங்களுக்குத் தேர்வுக்கூடத்தின் வாசலைக்கூடக் காட்டப் போவதில்லை. சிங்கப்பூர்த் தேர்வு, மதிப்பீட்டுக் கழகமானாலும் பல்கலைக்கழகமானாலும், ஆள் தேவைப்பட்டால் அவரவர் இணையத்தளத்தில் அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பு நாலைந்து பக்கம் தள்ளி ஆங்கிலத்தில் ஒளிந்திருக்கும். மோசடிக்காரனின் செய்தியோ தமிழில், உங்கள் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. எனக்கு எரிச்சலே இதில்தான். முகவர் என்று யாராவது சொன்னால் உரிம எண்ணைக் கேளுங்கள், மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அழையுங்கள்.

உரிமம் உள்ளவர்களிலும் சிலர் வேறு தந்திரம் காட்டுவார்கள். ‘நீங்கள் சுயதொழில் செய்பவர்’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும், என்ன உடுத்த வேண்டும், எல்லாம் அவர்களே சொல்வார்கள். மத்திய சேம நிதி (மசேநி) மட்டும் கிடையாது. சிங்கப்பூரர் ஒருவரை வேலைக்கு வைத்து மாதம் 50 வெள்ளிக்குமேல் சம்பளம் கொடுத்தாலே, பகுதிநேரமானாலும், முதலாளி மசேநி கட்ட வேண்டும். கையெழுத்துப் போடுமுன் அதைக் கேட்டுவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். நிற்பது, நடப்பது, எண்ணுவது. அடையாள அட்டையில் இருக்கும் முகம்தான் நாற்காலியிலும் இருக்கிறதா என்று பார்ப்பது, கழிவறைக்குப் போகும் பிள்ளையோடு துணைக்குப் போவது. விடைத்தாள்களை எண்ணி முடிக்கும்வரை ஒருவரையும் எழுந்திருக்க விடக்கூடாது. கேள்வியில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டாலும் வாய் திறக்கக்கூடாது. காது மட்டும் கூர்மையாக இருக்க வேண்டும். 2016 ஓ லெவலில் தோல்நிறக் கருவியைக் காதில் மறைத்துக்கொண்டு சில மாணவர்கள் எழுதினார்கள். வெளியிலிருந்து விடை சொன்னது ஒரு துணைப்பாட நிலையம். ஒரு மாணவரிடமிருந்து வந்த விநோதச் சத்தத்தைக் கண்காணிப்பாளர் ஒருவர் கவனித்ததால்தான் குட்டு உடைந்தது. நிலையத்தின் முதல்வருக்கு 2020இல் 4 ஆண்டுச் சிறை.

நம்மவர்களுக்கென்று ஒன்று: கொலுசும் கண்ணாடி வளையலும் வேண்டாம். என்னோடு கண்காணிப்புக்கு நின்ற ஓர் அம்மையார் கொலுசோடு வந்திருந்தார். அவர் வரிசையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பையனின் பேனா நின்றது. மூன்றாவது முறை அவன் தலைதூக்கிப் பார்த்தான். அவர் வெளியே போய்க் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வந்தார். காலுக்கு ரப்பர் அடிச் செருப்பு, தோளுக்கு ஒரு ஸ்வெட்டர். ஏர்கான் குளிர் அப்படி.

அப்புறம் தம்பி மகள். விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். ‘அவள் வேறு பள்ளி, நான் வேறு பள்ளி’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், அதை அவர்கள் முடிவு செய்யட்டும். தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை, நாத்தனார் வழிச் சொந்தம்தான், துணைப்பாடம் மட்டும் சொல்லிக்கொடுத்தேன் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதினால் வேறு கூடத்துக்கு மாற்றுவார்கள், அல்லது இந்த ஆண்டு வேண்டாம் என்பார்கள். மறைத்து, யாராவது புகார் கொடுத்தால், உங்கள் வேலை போவது இருக்கட்டும், அந்தப் பிள்ளையின் தாளை எடுத்துவைத்துக்கொண்டு விசாரிக்கக்கூடும்.

அதற்குப் பதிலாக இந்த ஆண்டு பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு விண்ணப்பித்துவிடலாம். நவம்பர், டிசம்பரில் ஒரு சுற்று, ஏப்ரல், மேயில் ஒரு சுற்று. அங்கே உங்கள் தம்பி மகள் இருக்க மாட்டாள்.