40 பொருள்களையும் ஒரே லோகோவுக்குள் அடைக்காதீர்கள்

கேள்வி: விசித்திரப் பொருள்களுக்கான கற்பனை மியூசியம் ஒன்றுக்குக் காட்சி அடையாளம் வடிவமைக்கிறேன். 40 பொருள்கள், ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எல்லாவற்றையும் லோகோவில் எப்படிக் கொண்டுவருவது? ஆன்லைனில் விற்கும் ரெடிமேட் லோகோ பேக்கேஜை வாங்கி மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: கொண்டுவரவே வேண்டாம். ஒரு மாணவர் பூட்டு, மீன்முள், பொய்ப்பல், கடிகார முள் நான்கையும் ஒரு வட்டத்துக்குள் வரைந்து எடுத்துவந்தார். பெரிய தாளில் அழகாகத்தான் இருந்தது. பிரவுசர் டேபில் வரும் 16 பிக்சல் அளவுக்குச் சுருக்கிக் காட்டினேன். சுவரில் நசுக்கிய கொசு போல ஒரு கறை, அவ்வளவுதான்.

மியூசியத்தில் எல்லாப் பொருளுக்கும் பொதுவானது அதில் கட்டித் தொங்கும் சீட்டு. அதில் பதிவெண் இருக்கும். 2019.7.3 என்றால், 2019-இல் ஏழாவதாக வந்துசேர்ந்த தொகுதியின் மூன்றாவது பொருள். பல மியூசியங்களில் இதுதான் வழக்கம். இந்தச் சீட்டையே உங்கள் அடையாளமாக்குங்கள்: மூலையில் ஓட்டை, ஒரு நூல், எண், கீழே மியூசியத்தின் பெயர். டிக்கெட் வாங்குகிறவருக்கும் ஒரு எண், கழிப்பறைக் கதவுக்கும் ஒரு எண். பொய்ப்பல்லுக்குத் தொங்கும் அதே சீட்டு கழிப்பறையிலும் தொங்கினால் சிரிப்பு தானாக வரும். எழுத்துருவில் கோணங்கித்தனம் வேண்டாம். சீட்டு எவ்வளவு முறைப்பாக இருக்கிறதோ, பொருள் அவ்வளவு விசித்திரமாகத் தெரியும். நியூயார்க் விட்னி மியூசியத்துக்கு 2013-இல் வந்த அடையாளம் ஒரு மெல்லிய கோட்டால் ஆன டபிள்யூதான். பக்கத்தில் எந்தப் படம் வந்தாலும் தன் கோணத்தை மாற்றிக்கொண்டு அதற்கு இடம்விடும்.

பெயரைத் தமிழில் எழுதினால் வரியிடைவெளியைக் கூட்டுங்கள். ஆங்கில எழுத்துக்கு வைத்த அளவையே வைத்தால் மேல்வரி 'து'வும் கீழ்வரி 'கீ'யும் முட்டிக்கொள்ளும்.

பொருளை லோகோவில் போட ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் கதைப்படி மியூசியமே ஒரு பொருளிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அது இரவல் பொருளாக இருக்கக் கூடாது. திருப்பிக் கொடுத்த மறுநாள் லோகோ அநாதையாகிவிடும். வெறும் கறுப்பு நிழலாக வரைந்தாலும் அது என்னவென்று தெரிய வேண்டும். இடப்பக்கம் திருப்பினாலும் தெரிய வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் சீட்டுக்கே திரும்பிவிடுங்கள்.

ரெடிமேட் பேக்கேஜ் பக்கமே போகாதீர்கள். உங்களுக்கு விற்ற அதே சின்னத்தை நாளைக்கு ஒரு பல் மருத்துவமனைக்கும் விற்பார்கள். நடுவில் நிற்கும் கமிஷன்காரர் ஜேபெக் கோப்பை நீட்டிவிட்டு, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பு வேண்டுமென்றால் தனிக் காசு கேட்பார். எழுத்துருவின் உரிமம் பற்றிக் கேட்டால் பதிலே வராது. கற்பனை மியூசியம்தானே என்கிறீர்களா? போர்ட்ஃபோலியோவில் போடும் உங்கள் பெயர் நிஜம்.

போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் விதிமுறையைக் கடைசி வரி வரை படியுங்கள். தோற்றவர்களின் வடிவமைப்பு உரிமையையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்ளும் போட்டிகள் இருக்கின்றன. நடுவர்களோ காபி மக்கிலும் துணிப்பையிலும் லோகோவை ஒட்டிக் காட்டும் மாக்கப்பை, அதாவது மாதிரிப் படத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் அந்தச் சீட்டைப் படிக்க முடியுமா என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

கணினியை மூடிவிட்டுச் சீட்டை அட்டையில் வெட்டுங்கள். நூல் கோத்து வீட்டிலுள்ள ஒரு ஸ்பூனில் கட்டி, இந்த வேலையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். "இது எந்தக் காலத்து ஸ்பூன்?" என்று கேட்டாரானால், மேற்கொண்டு வரையலாம்.