முதல் வண்டியாக எக்ஸ்பல்ஸ் 200 எடுக்கலாமா?

ஒட்டுசுட்டானில் வீடு, இப்போதுதான் ஓடப் பழகுகிறேன், ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மோட்டார் சைக்கிள் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. சரிவரும், ஆனால் முதலில் ஏறி இருந்து பாருங்கள், ஏனென்றால் சீட் உயரம் 820 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே, ஆள் கட்டை என்றால் நுனிக்கால்தான் நிலத்தில் படும், மணலில் நிறுத்தும்போது அப்படியே சரியும். எடை ஏறத்தாழ 155 கிலோ, விழுந்தாலும் ஒருவராகத் தூக்கலாம்.

எங்கள் பக்கத்துக்கு இதில் பெரிய விஷயம் முன் சில்லுதான். 21 அங்குலம், ஆரக்கம்பிச் சில்லு. கிரவல் வீதியில் மாரிக்குப் பிறகு வருகிற கிடங்குகளை சாதாரண 17 அங்குலச் சில்லு மாதிரி உள்ளே விழாமல் ஏறிக் கடந்துவிடும். அடிப்பகுதிக்கும் நிலத்துக்கும் 220 மில்லிமீற்றர் இடைவெளி, குளக்கட்டுப் பாதையில் கல் இடிக்கிற பயம் குறைவு. டியூப் ரயர் என்பதால் காட்டுப் பாதைக்குப் போனால் பம்பும் ஒட்டுச் சாமானும் கூடவே இருக்க வேண்டும்.

வேகம் கேட்காதீர்கள். ஏ9 வீதியில் 80க்குள் நிம்மதியாகப் போகும், அதற்கு மேல் எஞ்சின் கத்தத் தொடங்கும். பழகுகிறவருக்கு அது நல்லதுதான், வீட்டில் அம்மாவும் சந்தோஷப்படுவார்.

பழைய ஜப்பான் 250 சிசி வண்டி ஒன்று மலிவாகக் கிடைத்தால் ஆசை வரும், அப்புறம் ஒரு சின்னச் சாமானுக்கு வவுனியா, யாழ்ப்பாணம் என்று அலைய நேரிடலாம். எதை எடுத்தாலும் வண்டியின் பதிவுப் புத்தகத்திலுள்ள சேசி இலக்கத்தை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.